கழிவு வெளியேறுதுக்கா

மலேசியத் தோட்டப்புற ஊரில் ஆரோக்கியம் தருகிறோம் என்று ஆள் சேர்க்கும் ஒரு கும்பல், அதற்குள் ஒரு கொலை என்று துப்பறியும் நாவல் எழுதப் போகிறவர்கள் முதலில் அந்தக் காவிச் சாமியாரை வெளியே அனுப்பிவிடுங்கள். சுங்கை சிப்புட்டிலோ பீடோங்கிலோ மூட்டுவலி மாத்திரை விற்க வருவது சாமியார் இல்லை, மாரியம்மன் கோயில் அன்னதானத்தில் சட்டி கழுவுகிற அதே அக்காதான். அப்லைன், அதாவது அவரை இந்த விற்பனையில் சேர்த்துவிட்ட மேலாள், கொடுத்த கோப்பு கையில் இருக்கும். அக்காவுக்கே பாதி விஷயம் தெரியாது.

நாவலின் உயிர் அந்த அக்கா சொல்லும் ஒரு வசனத்தில் இருக்கிறது: "கழிவு வெளியேறுதுக்கா, நிறுத்திடாதீங்க." சொறி வந்தால் கழிவு, வாந்தி வந்தால் கழிவு, கால் வீங்கினாலும் கழிவு. கெட்டது நடக்க நடக்க மருந்து வேலை செய்கிறது என்று நம்பிக்கை கூடும். இந்தப் பூட்டை எழுதிவிட்டால் கூட்டுத் தியானம், சீருடை எதுவும் தேவையில்லை.

கொலைக்கு உடனே களைக்கொல்லிக்குப் போகிறார்கள். பராகுவாட் என்ற களைக்கொல்லி 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் தடை. அதற்கு முன்பும் அதில் நீலச் சாயம், நாற்றம், வாந்தி வரவைக்கும் பொருள் எல்லாம் கலந்துதான் விற்றார்கள். காப்பியில் கலந்து கொடுத்தால் எவரும் தெரியாமல் குடிக்க மாட்டார்கள்.

விஷம் டப்பாவுக்குள்ளேயே இருக்கிறது. மூலிகை மாத்திரை என்ற பெயரில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைக் கலந்து விற்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. முப்பது வருடம் ரப்பர் பால்மரம் சீவித் தேய்ந்த முழங்கால் சில நாளில் நடக்கும். மேடையில் சாட்சி சொல்ல ஆள் தயார். சில வாரத்தில் முகம் உருண்டுவிடும். லயத்து வரிசை வீடுகளில் எல்லாரும் "சதை போட்டு நல்லா ஆயிட்டீங்க" என்பார்கள். (நான் பார்த்த கதைகளில் இந்தப் பாராட்டை யாரும் எழுதவே இல்லை.) தோல் மெலிந்து லேசாக இடித்தாலும் முழங்கையில் ஊதா நிறம் படியும். சர்க்கரை ஏறும். "அந்தக் கிளினிக் மாத்திரையை விட்டாதான் இது புடிக்கும்" என்பார் அக்கா.

வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால் உடம்புக்குள் அதைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி தூங்கிவிடும். திடீரென்று நிறுத்தினால் அது எழாது. ஒரு சின்னக் காய்ச்சல் போதும்: வாந்தி, ரத்த அழுத்தம் சரிவு, மயக்கம். ஆகவே உங்கள் கொலைகாரன் எதையும் ஊட்ட வேண்டியதில்லை. விளைவு தெரிந்தே அடுத்த டப்பாவை அனுப்பாமல் இருந்தால் போதும்.

வழக்கில்தான் நாவல் சூடு பிடிக்கும். தெரியாமல் விற்றவர் மீது தண்டனைச் சட்டம் 304ஏ (கவனக்குறைவால் மரணம்), அதிகபட்சம் இரண்டு வருடம். நோக்கம் நிரூபணமானால் 302, அதாவது கொலை. 2023 ஜூலை 4க்குப் பிறகு அதில் தூக்கு கட்டாயமில்லை; நீதிபதி 30 முதல் 40 வருடச் சிறை கொடுக்கலாம், ஆணுக்குக் குறைந்தது 12 பிரம்படி. பெண்ணுக்குப் பிரம்படி கிடையாது. ஜூரியை மட்டும் தயவுசெய்து கொண்டுவராதீர்கள், 1995லேயே போய்விட்டது.

குடும்பம் ஏன் வாய் திறக்கவில்லை? முதல் மாத்திரை பேக்கேஜ் கூட்டுப் பணத்தில், அதாவது சீட்டுப் பணத்தில், வாங்கியது. கூட்டு நடத்துவதை 1971லேயே சட்டம் தடை செய்துவிட்டது. புகார் கொடுத்தால் கூட்டுத் தலைவியாக இருக்கும் சின்னம்மா உள்ளே போவார்.

சந்தேகம் இல்லையென்றால் உடல் வீட்டுக்கு வரும், அடுத்த நாள் எரித்துவிடுவார்கள். தோண்டியெடுக்க ஒன்றும் மிஞ்சாது. இன்ஸ்பெக்டருக்கு மீதி நிற்பது மூன்றுதான். சாமி மேடைக்குக் கீழே கிடக்கும் பாதி டப்பா. அதில் T என்று முடியும் எம்.ஏ.எல் எண்ணை, அதாவது பாரம்பரிய மருந்துக்கான பதிவு எண்ணைத் தேடினால் வேறெதோ இருமல் மருந்து வரும். சர்க்கரை ஏறியதைக் காட்டும் கிளினிக் பதிவு. அப்புறம் குடும்ப வாட்ஸ்அப்பில் பொங்கல், சித்திரை, தீபாவளி என்று வரிசையாகப் படங்கள். ஒவ்வொன்றிலும் முகம் இன்னும் கொஞ்சம் உருண்டை, கீழே அக்காவின் குரல் பதிவு: "அழகாயிட்டீங்கம்மா."