பல்லி வாங்கித் தரப் போகும் பெற்றோருக்கு

பள்ளி விடுமுறை நெருங்கினால் எனக்கு வரும் செய்திகளில் பாதி இந்த ரகம்தான். "அக்கா, பையன் லெப்பர்ட் கெக்கோ வேணும்னு அடம்பிடிக்கிறான். வளர்க்கிறது ரொம்ப சுலபமாமே?" நாய் வளர்க்க கொண்டோ நிர்வாகம் விடாது. பூனை என்றால் பாட்டிக்கு மூச்சு இழுக்கும். பல்லிக்கு முடி கொட்டாது, குரைக்காது, ஒரு பெட்டிக்குள் அடங்கிவிடும், விலையும் பெரிதாக இல்லை. கணக்குப் போட்டால் எல்லாம் சரியாகத்தான் வருகிறது.

வாங்காதீர்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் பிளாட் வீட்டு ஹாலிலும் இரண்டு இருக்கின்றன, இரண்டின் மேலும் எனக்கு உயிர். ஆனால் சுலபம் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். நாய்க்கு உடம்பு முடியவில்லை என்றால் முனகும். பல்லி எதையும் வெளியே காட்டாது. நோஞ்சானாகத் தெரிந்தால் பாம்புக்கோ பறவைக்கோ இரையாகிவிடும் என்பதால், தாங்க முடிகிற வரைக்கும் நன்றாக இருப்பது போலவே இருக்கும். நமக்குத் தெரிய வரும்போது நோய் முற்றிப் போயிருக்கும். அதனால் வீட்டில் ஒரு பெரியவர் தினமும் ஐந்து நிமிடம் நின்று அதைப் பார்க்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளையின் தலையில் கட்டிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்வது நியாயமே இல்லை. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் லெப்பர்ட் கெக்கோ 15, 20 ஆண்டுகள் வரை வாழும். இன்று அடம்பிடிக்கும் பையன் ஃபார்ம் ஃபைவ் முடித்து, யூனிவர்சிட்டி போய், சிங்கப்பூரில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் அது உங்கள் ஹாலில்தான் இருக்கும்.

எங்கள் புளோக்கில் மேல் மாடியில் ஒரு குடும்பம். போன வருடம் அந்த அம்மா பெட்டியோடு வந்து நின்றார். "அக்கா, சாப்பிடவே மாட்டேங்குது, கொஞ்சம் பாருங்களேன்." எடுத்து உள்ளங்கையில் வைத்தேன். முன்னங்கால்கள் இரண்டும் வளைந்திருந்தன, நடந்தால் வயிறு தரையில் இழுபட்டது. கீழ்த்தாடையை விரல் நுனியால் தொட்டால் ரப்பர் மாதிரி அமுங்கியது. பூச்சியைக் காட்டியதும் ஆசையாகப் பாய்ந்தது, கவ்வியது, கடிக்க முடியாமல் விட்டுவிட்டது. பசி இல்லாமல் இல்லை. தாடை எலும்பில் வலு இல்லை.

வளர்ப்பவர்கள் எம்பிடி என்று சொல்லும் எலும்பு நோய் அது. கடைகளில் கிடைக்கும் செங்கெரிக் என்ற சில்வண்டு, மீல்வார்ம் புழு எல்லாவற்றிலும் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. வெறும் பூச்சியை மட்டும் தின்றால் ரத்தத்தில் கால்சியம் குறைந்துகொண்டே வரும். உடம்பு என்ன செய்யும்? எலும்பிலிருந்து கரைத்து எடுத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் இது நடக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. "கடையில புழு மட்டும் போட்டா போதும்னு சொன்னாங்களே" என்று அந்த அம்மா கண் கலங்கினார். மருத்துவம் பார்த்துப் பிழைத்துக்கொண்டது. கால் மட்டும் நிமிரவே இல்லை.

இத்தனைக்கும் தடுக்கும் வழி எளிது. கால்சியம் பொடியைச் சிறு மூடியில் கொட்டிப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுங்கள், வேண்டியபோது அதுவே வந்து நக்கும். பூச்சியைப் போடும்போது வைட்டமின் டி3 சேர்த்த கால்சியம் பொடியில் புரட்டிப் போடுங்கள், எத்தனை நாளுக்கு ஒரு தடவை என்று டப்பாவில் உள்ளபடி. டி3 அளவு மீறினாலும் கெடுதல்தான். பூச்சிக்கும் முதல் நாள் கேரட், கீரை என்று நல்ல தீனி கொடுங்கள், ஏனென்றால் அதன் வயிற்றில் இருப்பதும் சேர்ந்துதான் பல்லிக்குப் போகிறது. பூச்சி பல்லியின் இரு கண்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை விடப் பெரிதாக இருக்கக் கூடாது. தின்னாமல் விட்ட செங்கெரிக்கை உள்ளேயே விடாதீர்கள், பல்லியை அது கடித்துவிடும். குட்டிக்குத் தினமும், வளர்ந்ததற்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை தீனி போதும். வாலைப் பாருங்கள். கொழுப்பைச் சேர்த்து வைப்பது அங்கேதான். வால் குண்டாக இருந்தால் நிம்மதி, ஒல்லியாகிக்கொண்டே வந்தால் உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

அடுத்தது நம் ஊர் தட்பவெப்பம். இதைப் பற்றி நம்மவர்கள் போதுமான அளவு பேசுவதில்லை. வெளிநாட்டு வீடியோக்களில் குளிர் நாட்டுக்காரர் சொல்வதை அப்படியே கோலாலம்பூரில் செய்கிறார்கள். லெப்பர்ட் கெக்கோ ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியாப் பக்கத்து வறண்ட பாறை நிலத்துப் பிராணி. வெக்கை அதற்குப் பழக்கம்தான். ஆனால் நம் ஊர் ஈரம் பழக்கமில்லை. காற்றோட்டமில்லாத பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து வைத்தால் மூக்கில் சளி கட்டி, வாயைத் திறந்து மூச்சு விட ஆரம்பிக்கும். பெட்டிக்குப் பக்கவாட்டில் வலையோ ஓட்டையோ கட்டாயம் வேண்டும்.

அதே சமயம் தோலுரிக்கும்போது மட்டும் அதற்கு ஈரம் தேவை. தாபாவ் டப்பா ஒன்றில் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு, உள்ளே நனைத்த டிஷ்யூ வைத்தால் போதும். உடம்பெல்லாம் வெளுத்துச் சாம்பல் பூத்த மாதிரி ஆகும், அப்புறம் வாயாலேயே தோலைப் பிடித்து இழுத்து அதையே தின்றுவிடும். வேலை முடிந்தது என்று நாம் போய்விடக் கூடாது. டார்ச் அடித்து ஒவ்வொரு விரலையும் பார்க்க வேண்டும். விரல் நுனியில் மெல்லிய வளையமாகத் தோல் ஒட்டிக்கொண்டிருந்தால் அது காய்ந்து இறுகும், ரத்த ஓட்டம் நின்று விரலே விழுந்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாதம் நனையும்படி கொஞ்ச நேரம் நிற்க வைத்து, காது துடைக்கும் பஞ்சுக் குச்சியால் மெதுவாக உருட்டினால் வந்துவிடும். பிய்க்காதீர்கள்.

சூடு விஷயத்தில் ஏர்கோன் அறைதான் எதிரி. பல்லி தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது. தின்றது செரிக்க வயிற்றுக்குக் கீழே சூடு வேண்டும், பெட்டியின் ஒரு ஓரத்தில் தரை 32 பாகை அளவிலும் மறு ஓரம் அதைவிடக் குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும். பையன் அறையில் ராத்திரி முழுக்க ஏர்கோன் ஓடினால் தின்ற பூச்சி செரிக்காமல் கிடக்கும். ஹாலில் வையுங்கள். சூட்டுப் பாய் போட்டால் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் போடாதீர்கள், வயிறு வெந்துவிடும். ஜன்னல் வெயில் படும் இடத்தில் கண்ணாடிப் பெட்டியை வைக்கவே கூடாது. மணலும் வேண்டாம், குட்டிகள் பூச்சியோடு சேர்த்து விழுங்கிக் குடல் அடைத்துக்கொள்ளும். டைல்ஸ் போதும்.

இதற்கு நேர்மாறு கிரெஸ்டட் கெக்கோ. கண் இமை முடி வைத்தது போல அழகாக இருப்பதால் இப்போது அதைக் கேட்பவர்கள் அதிகம். அது நியூ கலிடோனியா தீவுப் பிராணி. அழிந்தே போய்விட்டது என்று நினைத்திருந்து, 1994இல்தான் திரும்பக் கண்டுபிடித்தார்கள். 22 முதல் 26 பாகைதான் அதற்குச் சுகம், 28ஐத் தாண்டினால் தவிக்கும். பகலில் 32, 33 போகும் நம் பிளாட்டில், ஆள் இல்லாத வீட்டில் நாள் முழுக்க ஏர்கோன் போட்டு வைப்பீர்களா? முடியாது என்றால் அந்த ஆசையை விட்டுவிடுங்கள். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்துப் பேசுவதாக இல்லை.

நம் வீடுகளுக்கே உரிய சில ஆபத்துகளும் உண்டு. வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுவோம். போடுங்கள், பெட்டியை மட்டும் புகை போகாத அறைக்கு மாற்றிவிடுங்கள். கொசுவர்த்தி, பூச்சி ஸ்ப்ரே இரண்டும் அதே அறையில் கூடவே கூடாது. டிங்கிக்காகப் புகை அடிக்க வரும் நாளில் ஜன்னலை மூடிவிட்டு, அடங்கிய பிறகு நன்றாகக் காற்று விட்டு, தண்ணீரையும் மாற்றுங்கள். அப்புறம் எறும்பு. செத்த செங்கெரிக் ஒன்று கிடந்தால் போதும், படையெடுத்து வந்து பல்லியையும் கடிக்கும். எங்கள் பாட்டி சமையலறை அலமாரிக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தி வைப்பார், பெட்டி வைத்த மேசைக்கும் நான் அதையேதான் செய்திருக்கிறேன்.

வீட்டுப் பெரியவர்கள் பல்லி விழும் பலனை நினைத்துப் பயந்தால் சொல்லுங்கள்: லெப்பர்ட் கெக்கோவின் விரலில் ஒட்டும் தன்மை கிடையாது, சுவரில் ஏறவே ஏறாது, யார் தலையிலும் விழாது. பயப்பட வேண்டியது சால்மொனெல்லா கிருமிக்கு. தொட்ட பிறகு சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும், பெட்டியைச் சமையலறை சிங்கில் கழுவக் கூடாது. ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை இருக்கும் வீட்டில் இன்னும் சில வருடம் பொறுங்கள் என்றுதான் சொல்வேன்.

நிறத்துக்காக ஏமாறவும் வேண்டாம். லெப்பர்ட் கெக்கோவில் எனிக்மா என்ற நிற வகைக்கு நரம்புக் கோளாறு கூடவே வருகிறது, தலை சாய்ந்து அதே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். லெமன் ஃப்ராஸ்ட் வகைக்குத் தோலில் கட்டிகள் வளர்வதற்கு மரபணுவே காரணம் என்று 2021இல் ஆய்வு வெளிவந்துவிட்டது. தெரிந்தும் காசு கொடுத்து வாங்கினால் அந்த வேதனையை இன்னும் பெருக்கச் சொல்கிறோம் என்றுதான் அர்த்தம். எதை வாங்கினாலும் உரிமம் தேவையா என்று வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானில் முதலில் கேளுங்கள். தோக்கே பல்லியைக் காட்டிலிருந்து பிடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கிட்டவே போகாதீர்கள். எய்ட்ஸ் நோய்க்கு மருந்து என்ற பொய்யை நம்பி 2010, 2011 வாக்கில் அதை வேட்டையாடித் தீர்த்தார்கள். 2019இல், அழியும் ஆபத்திலுள்ள உயிர்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் என்ற உலக ஒப்பந்தப் பட்டியலிலேயே சேர்க்க வேண்டி வந்தது.

கடைசியாக டாக்டர். தாமானில் இருக்கும் எல்லா கிளினிக்கிலும் பல்லி பார்க்க மாட்டார்கள், பார்க்கும் இடத்தில் ஒரு தடவைக் கட்டணமே பல்லியின் விலையைத் தாண்டிவிடலாம். பல்லி வாங்குவதற்கு முன்பே போன் போட்டுக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். செர்டாங்கில் யூபிஎம் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனையில் இந்த மாதிரிப் பிராணிகளையும் பார்க்கிறார்கள். பினாங்கு, பட்டர்வொர்த் பக்கம் இருந்து நிறையப் பேர் கேட்கிறார்கள், அங்கே பல்லி பார்க்கும் கிளினிக் தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.