செத்த கோழியைக் கடல் கழுவிவிடாது

கடந்த தை மாதம், உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையில் பாக் நீரிணைக் கரையோரம் இருக்கும் என் சித்தியின் ஊரில், அவர் வீட்டில் மட்டும் நான்கு நாளில் பதினொரு கோழிகள் செத்துப்போயின. முதல் நாள் காலையில் பஞ்சாரத்தைத் தூக்கியபோது ஒரு பெட்டைக்கோழி மட்டும் மற்றவற்றோடு ஓடாமல், இறக்கையைத் தொங்கவிட்டு, கண்ணை மூடி மூடித் திறந்தபடி நின்றிருக்கிறது. மறுநாள் அது பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தது. மூன்றாம் நாள் ஒரு சேவல் கழுத்தை முதுகுப் பக்கம் திருகிக்கொண்டு ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்து விழுந்திருக்கிறது. நான் போய்ச் சேர்ந்தபோது உயிரோடு ஒரே ஒரு கோழிதான் மிச்சம். இன்னும் இரண்டை அன்று காலையில்தான் ஒரு வியாபாரி பாதி விலைக்கு வாங்கிப் போயிருந்தார். செத்தவற்றில் சிலவற்றைச் சித்தி ஊருணிக்கு அப்பால் உடைமரக் காட்டில் வீசியிருந்தார். மற்றவற்றைச் சாக்கில் கட்டிக் கடலில் போட்டிருந்தார். கடைசியாகச் செத்த ஒன்று மட்டும் திண்ணையோரம் கிடந்தது.

"புதைக்கக் கூடாதா சித்தி?" என்று கேட்டேன்.

"கடல்ல போட்டா கடல் கழுவிரும் தம்பி. எங்க ஆத்தா காலத்துலருந்து அப்புடித்தான்" என்றார்.

சித்தியைக் குறை சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. சித்தப்பா விசைப்படகுக்குப் போகிறவர். ஆண்டுதோறும் வரும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் அந்த வீட்டில் காசு புரள்வதே கோழியாலும் முட்டையாலும்தான். சாகப்போகிற கோழியை வந்த விலைக்குத் தள்ளிவிடுவதும், செத்ததைக் கண்ணுக்கு மறைவாகப் போட்டுவிடுவதும் எங்கள் பக்கத்து ஊர்கள் பலவற்றில் நான் சிறு வயது முதல் பார்த்து வருபவை. இப்படி ஒரு வீட்டில் பறவைகள் கொத்தாகச் சாகும்போது அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்ற வழக்கமே நம்மிடம் இல்லை என்பதுதான் என் கவலை. பறவைக்காய்ச்சல் உலகைச் சுற்றிவரும் இன்றைய நிலையில் அந்த வழக்கமின்மை மிகவும் ஆபத்தானது என்று நினைப்பதால் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அன்று மாலை ஊர்த் தேநீர்க் கடையில் பேச்சு வேறு பக்கம் போயிற்று. வாடைக்காற்றோடு வந்து இறங்கும் வெளிநாட்டுப் பறவைகள்தான் சீக்கைக் கொண்டுவருகின்றன என்றும், கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களை வெட்டிவிட்டால் தொல்லை தீர்ந்துவிடும் என்றும் இருவர் உறுதியாகச் சொன்னார்கள். எங்கள் ராமநாதபுரம் மாவட்டப் பறவைச் சரணாலயங்களில் சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2022இல் சேர்ந்தன; சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் 2025இல் சேர்ந்தன; அதே ஆண்டு தனுஷ்கோடியில் பூநாரைகளுக்கென்றே ஒரு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. இவ்வளவு பெருமையும் ஒரு சீக்குப் பருவத்தில் பழியாக மாறிவிடும் என்பதை அந்தக் கடையில் உட்கார்ந்துதான் உணர்ந்தேன்.

பறவைகளுக்கு இதில் பங்கே இல்லை என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். பறவைக்காய்ச்சலைத் தரும் இன்ஃபுளுவென்சா ஏ வகை வைரஸ்களுக்குத் தாய்வீடு நீர்ப்பறவைகள்தான். வாத்து, உள்ளான், கடற்காகம் போன்றவற்றில், அந்த வைரஸின் மேலுறையில் இருக்கும் 'எச்' (H) எனப்படும் புரதத்தில் 16 வகைகளும் 'என்' (N) எனப்படும் புரதத்தில் 9 வகைகளும் நெடுங்காலமாகப் புழங்கி வருகின்றன. பெரும்பாலும் அவை வாத்தின் குடலில் பெருகி, வாத்துக்கு எந்தத் துன்பமும் தராமல், எச்சத்தோடு நீரில் கலந்து அடுத்த பறவைக்குப் போய்ச் சேர்கின்றன. அந்தச் சாதுவான வைரஸ், ஆயிரக்கணக்கான கோழிகளை நெருக்கி அடைத்த கொட்டகைக்குள் புகும்போதுதான் வேறு முகம் காட்டுகிறது. எச்5, எச்7 வகைகள் கோழிக்குக் கோழி தாவும்போது புரதத்தில் ஏற்படும் ஒரு சிறு மாற்றம், குடலோடும் மூச்சுக்குழலோடும் நின்ற வைரஸை உடலின் எல்லா உறுப்புகளுக்கும் பரவக்கூடிய கொலைகாரனாக ஆக்கிவிடுகிறது. இன்று உலகைச் சுற்றும் எச்5என்1 குடும்பத்தின் மூதாதை, 1996இல் சீனாவின் குவாங்டாங் மாநிலத்தில் பண்ணை வாத்துகளிடம் கண்டறியப்பட்டது. மறு ஆண்டு ஹாங்காங்கில் 18 பேரை அது பீடித்தது. 6 பேர் இறந்தார்கள். இந்தியாவில் முதன்முதலாக 2006 பிப்ரவரியில் மகாராட்டிரத்தின் நவாப்பூர்க் கோழிப் பண்ணைகளில் வெளிப்பட்டது.

2005இல் அதே வைரஸ் சீனாவின் சிங்காய் ஏரியில் ஆயிரக்கணக்கான காட்டுப் பறவைகளைக் கொன்றது. அவற்றுள் மிக அதிகமாக இறந்தவை, இமயத்தைக் கடந்து குளிர்காலத்தில் நம் தெற்குவரை வந்துபோகிற வரித்தலை வாத்துகள். நம் பண்ணைகளில் கொடியதாக வளர்ந்த நோயைக் காட்டுப் பறவைகள் திரும்ப வாங்கிக்கொண்டன. பிறகு அதைத் தம் சிறகில் கண்டம் விட்டுக் கண்டம் சுமந்தன. அவை நோயைப் பரப்பும் என்பது உண்மை. அந்த நோய்க்கு அவையும் பலியாகின்றன. மரத்தை வெட்டிக் கண்மாயிலிருந்து விரட்டினால் பறவைகள் மறைந்துவிடப் போவதில்லை. கலைந்து, இன்னும் பத்துக் கண்மாய்களில் இறங்கும். நோய் இருந்தால் அதுவும் கூடவே போகும்.

பறவையின்மேல் இப்படிப் பழி விழுவது நம் நாட்டில் புதிதும் அன்று. 1957இல் கர்நாடகத்தின் சிமோகா மாவட்டத்துக் கியாசனூர்க் காட்டில் குரங்குகள் செத்து விழுந்து, மக்களும் காய்ச்சலில் இறந்தபோது, கண்டறியப்பட்ட வைரஸ் ரஷ்யப் பகுதியில் காணப்படும் ஒரு மூளைக்காய்ச்சல் வைரஸுக்கு உறவுடையதாக இருந்தது. சைபீரியாவிலிருந்து வரும் பறவைகள் உண்ணிகளைச் சுமந்து வந்திருக்கலாம் என்ற ஐயம் எழுந்தது. அதை ஆராயத்தான் உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு பறவையியலாளர் சாலிம் அலியும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகமும் பறவைகளைப் பிடித்துக் காலில் வளையம் மாட்டும் பெரும் பணியைத் தொடங்கினார்கள். ஐயம் மெய்ப்படவில்லை. ஆனால் அந்தப் பணியின் தொடர்ச்சியாக, நம் கரைக்கு வடக்கே கோடியக்கரையில் பல்லாயிரம் பறவைகளுக்கு வளையம் மாட்டப்பட்டு, எந்தப் பறவை எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்ற அறிவு நமக்குக் கிடைத்தது. பழி சொல்லி நின்றிருந்தால் கிடைத்திருக்காத அறிவு அது.

மண்டபத்துக்காரர்களுக்கு இதில் இன்னொரு நினைவும் உண்டு. 1914இல் பாம்பன் ரயில் பாலம் திறந்தபின், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் மக்களை மண்டபம் முகாமில் சில நாள் நிறுத்தி, காலராவும் பெரியம்மையும் இல்லை என்று உறுதி செய்த பிறகே கப்பலேற்றினார்கள். கடல் தாண்டும் ஏழையின் உடலை அவ்வளவு துருவிப் பார்த்த கரை இது. அதே கரையில் செத்து ஒதுங்கும் பறவையைத் திரும்பிப் பார்க்க இன்று ஆளில்லை.

இப்போது சித்தியின் கோழிக்கு வருகிறேன். கழுத்துத் திருகியதையும் கழிச்சலின் நிறத்தையும் வைத்து, அது வெள்ளைக் கழிச்சல் என்றுதான் ஊரார் எல்லோரும் சொன்னார்கள். என் ஊகமும் அதுவே. இந்நாட்டில் ராணிக்கெட் என்ற மலையூரின் பெயராலும், இங்கிலாந்தில் நியூகாசில் என்ற நகரின் பெயராலும் வழங்கும் அந்த நோயின் வைரஸ், இன்ஃபுளுவென்சாவுக்குச் சொந்தமே இல்லாத வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தது. மனிதருக்கு அது பெரும்பாலும் கண் சிவந்து நீர் வடிவதோடு போய்விடும். சிக்கல் என்னவென்றால், வெறும் கண்ணால் பார்த்து அந்த இரண்டையும் பிரித்தறிய முடியாது. இரண்டிலும் கோழி சோர்ந்து நிற்கும், மூச்சுத் திணறும், கழியும், கொத்தாகச் சாகும். பத்துமுறை வெள்ளைக் கழிச்சலாக இருந்தது பதினோராவது முறை பறவைக்காய்ச்சலாக இருந்தால், அதையும் நாம் உடைமரக் காட்டில்தான் வீசுவோம். காக்கையும் பருந்தும் நாயும் கொத்திக் கடித்து அதை எடுத்துப் போகும். பாதி விலைக்கு வாங்கியவரின் கூடையில் அது அடுத்த ஊர்ச் சந்தைக்கும் போகும். கடல் கழுவிவிடும் என்பதில் சிறிது உண்மை இருக்கிறது. வெம்மையும் உப்பும் மிகுந்த நீரில் இந்த வைரஸ் விரைவாக வீரியம் இழக்கும். ஆனால் சாக்கு மூழ்கும் முன்பே கடற்காகம் அதைக் கொத்திவிடும். மழைக்குப் பின் குளிர்ந்து கிடக்கும் கண்மாயின் நல்ல நீரிலோ அந்த வைரஸ் நெடுநாள் தாக்குப்பிடிக்கும்.

திண்ணையோரம் கிடந்த அந்தக் கோழியைக் கையில் பாலித்தீன் பையை மாட்டிக்கொண்டு எடுத்து, இரண்டு பைக்குள் இட்டு, பனிக்கட்டி வைத்த மீன் பெட்டியில் வைத்துச் சித்தப்பாவோடு ஒரு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோனேன். அங்கே இருந்தவர் பெட்டியைத் திறக்கக்கூட விடவில்லை. "கோழி சாகுறது வழக்கம்தானே, இதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க, கொண்டுபோய்ப் புதைச்சிருங்க" என்றார். எத்தனை கோழி செத்தது, எந்த ஊர், பக்கத்து வீடுகளிலும் சாகிறதா என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. ஒரு தாளில் குறிக்கவும் இல்லை. திரும்பும் வழியெல்லாம் சித்தப்பா பேசவே இல்லை. இனி அந்த மனிதர் வாழ்நாளில் ஒரு செத்த கோழியையும் எங்கும் எடுத்துப்போக மாட்டார் என்பது எனக்குத் தெரியும். என் கோபமெல்லாம் அந்த மருந்தகத்தின் அலட்சியத்தின்மேல்தான்.

ஏனென்றால் நாட்டில் ஏற்பாடு இல்லாமல் இல்லை. ஐயத்துக்குரிய மாதிரிகளைப் போபாலில் இருக்கும் தேசிய உயர்பாதுகாப்பு விலங்கு நோய்கள் நிறுவனத்துக்கு அனுப்பி உறுதிசெய்ய வழி உண்டு. உறுதியானால், நோய் கண்ட இடத்தைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் வளர்க்கும் பறவைகளை அழித்து, 10 கிலோமீட்டர்வரை கண்காணிப்பார்கள். அழிக்கப்படும் பறவைக்கு மத்திய, மாநில அரசுகள் பாதிப் பாதியாக இழப்பீடு தருகின்றன. ஆனால் அந்தப் பணம், அரசு அழிக்கும் பறவைக்குத்தான். அதற்கு முன்பே செத்த கோழிக்குக் கிடையாது. முதலில் நோய் கண்ட வீட்டுக்காரர்தான் எல்லாரையும்விட அதிகம் இழக்கிறார். அவர் வாய் திறந்தால் ஊர்க் கோழியெல்லாம் போகும் என்ற பழியும் அவர்மேல் விழுகிறது. இப்படி இருக்கையில் ஏழைப் பெண் ஒருத்தி தானாக முன்வந்து சொல்வாள் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. முதலில் தகவல் சொல்லும் வீட்டுக்கு, செத்த கோழிக்கும் சேர்த்து, ஒரு வாரத்துக்குள் பணம் கையில் கிடைக்க வேண்டும். ஒரு சாவைத் தொடக்கத்திலேயே அறிவதால் மிச்சமாகும் செலவோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிய தொகை.

மனிதரின் பக்கமும் இதே கதைதான். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இன்ஃபுளுவென்சா நம்மிடம் ஏறும். வீடு வீடாக இருமல் கேட்கும். வாடைச் சளி என்று மருந்துக் கடையில் இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறோம். அந்த மாத்திரை பல நேரம் பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபயாடிக்காக இருக்கிறது. வைரஸை அது ஒன்றும் செய்யாது. இன்ஃபுளுவென்சாவுக்கென்று இருக்கும் ஓசல்டாமிவிர் மருந்தோ, காய்ச்சல் கண்ட இரண்டு நாளுக்குள் தொடங்கினால்தான் முழுப்பயன் தரும். முதியோரும் கர்ப்பிணிகளும் நீரிழிவுக்காரர்களும் ஆண்டுதோறும் போட்டுக்கொள்ள வேண்டிய தடுப்பூசி இருப்பதே எங்கள் கரையோர ஊர்களில் பலருக்குத் தெரியாது.

பறவைக்காய்ச்சல் மனிதரிடம் எளிதில் தாவாததற்கு ஒரு காரணம், அந்த வைரஸ் பற்றிக்கொள்ளும் கொக்கிகள் நம் மூக்கிலும் தொண்டையிலும் குறைவாகவும் நுரையீரலின் ஆழத்தில் மிகுதியாகவும் இருப்பதுதான். அதனாலேயே, அரிதாகத் தொற்றும்போது அது நேரே கடும் நிமோனியாவில் கொண்டுபோய் விட்டுவிடுகிறது. 2003க்குப் பிறகு உலகில் பதிவான தொற்றாளர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் இறந்திருக்கிறார்கள். 2021இல் அரியானாவைச் சேர்ந்த ஒரு சிறுவனும், 2025இல் ஆந்திரத்தின் பல்நாடு மாவட்டத்தைச் சேர்ந்த இரண்டு வயதுப் பெண் குழந்தையும் இறந்தார்கள். நன்றாக வெந்த கறியாலும் முட்டையாலும் இது வராது. சீக்குக் கோழியைத் தூக்கும், அறுக்கும், மயிர் பிடுங்கும் கைகளுக்கே ஆபத்து, அவை பெரும்பாலும் பெண்களின் கைகள். ஆகவே நம் மருத்துவர்களிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள் உண்டு. காய்ச்சலோடும் மூச்சுத் திணறலோடும் ஒருவர் வரும்போது, "உங்கள் வீட்டிலோ பக்கத்திலோ கோழி செத்ததா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். எந்தக் கருவியும் வேண்டாத சோதனை அது.

எங்கள் மீனவர்களையும் இதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2022, 2023இல் பெரு நாட்டுக் கரையில் கூழைக்கடாக்களும் கடற்சிங்கங்களும் ஆயிரக்கணக்கில் இந்த வைரஸால் இறந்து ஒதுங்கின. 2023 அக்டோபரில் அது அண்டார்டிகாவுக்கு அருகிலுள்ள தெற்கு ஜார்ஜியாத் தீவை எட்டியது. நம் கடலில் அப்படி ஏதாவது நடந்தால், விடியுமுன் படகிறக்கும் மனிதர்தான் முதலில் பார்ப்பார். அரிச்சல்முனையில் ஐந்து ஆலாக்கள் ஒரே நாளில் செத்துக் கிடப்பதைப் பார்ப்பவருக்கு, அழைத்துச் சொல்ல ஓர் எண்ணும், கேட்டுக் குறித்துக்கொள்ள மறுமுனையில் ஒரு மனிதரும் வேண்டும். மீன் இறங்குதளங்களில் காற்றின் வேகம் எழுதிப் போடும் பலகையிலேயே அந்த எண்ணையும் எழுதலாம்.

மாசி பிறந்ததும் சித்தி மிஞ்சிய ஒரு கோழியை அடைவைத்தார். ஒன்பது குஞ்சுகள் பொரித்தன. ஏழாம் நாள், வேறொரு மருந்தகத்தில் கேட்டு வாங்கிய கழிச்சல் தடுப்பு மருந்தை, பனிக்கட்டி நிறைத்த தூக்குவாளியில் வைத்துக் கொண்டுபோனேன். சித்தி ஒவ்வொரு குஞ்சாக முந்தானையில் பிடித்துத் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கொடுக்க, நான் கண்ணில் ஒரு சொட்டு விட்டேன். எட்டாம் வாரம் இறக்கையடியில் ஊசி போட வேண்டும் என்பதைச் சித்தி அடுப்பங்கரைச் சுவரில், பால்கணக்குக்குப் பக்கத்தில், கரித்துண்டால் குறித்து வைத்திருக்கிறார்.