ஓரிரவு வைத்தால் மட்டும் போதாது
"குழாய்த் தண்ணீரை ஓரிரவு பிடித்து வைத்தால் குளோரின் முழுதும் போய்விடும், எந்த ஊரானாலும் சரி" என்கிறீர்கள். இது பாதிதான் உண்மை. வாயகன்ற பாத்திரத்தில் திறந்து வைத்தால் வெறும் குளோரின் பெரும்பாலும் போகும். மூடிய பாட்டிலில் போகாது. சிங்கப்பூர்க் குழாய்நீரில் இருப்பதோ குளோரமின், அதாவது குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த கிருமிநாசினி. அது அவ்வளவு எளிதில் ஆவியாகாது, ஒரு கொதியில் விட்டுப் போவதும் இல்லை. அங்கே இரவெல்லாம் வைத்த நீரில் போட்ட தேநீரிலும் அந்த மருந்து வாடை நின்றதை நானே குடித்துப் பார்த்திருக்கிறேன். கரி வடிகட்டியில் மெதுவாக இறக்குங்கள். இல்லையென்றால் லிட்டருக்குச் சிட்டிகையிலும் சிறிதளவு வைட்டமின் சி தூள் போதும். 1 மில்லிகிராம் குளோரினை அடக்க ஏறத்தாழ 2.5 மில்லிகிராம்தான் வேண்டும். தயவுசெய்து குளோரின் நீங்கிய நீரை நாள்கணக்கில் வைக்காதீர்கள். கிருமியைத் தடுக்க அதில் எதுவும் மிச்சமில்லை.