பட்டயத்துக்குப் பக்கத்தில் கரண்ட் பில்லையும் மாட்டுங்கள்

காரைக்குடியில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் புதிதாக நாலு மாடி கட்டப்போகிறார். கீழே இரண்டு தளம் கடை, மேலே இரண்டு தளம் ஆபீசுக்கு வாடகை. போன வாரம் போன் போட்டு, "தம்பி, இந்த பில்டிங்குக்கு பசுமைக் கட்டடச் சான்றிதழ்ல பிளாட்டினம் வாங்கணும்னு ஆர்க்கிடெக்ட் சொல்றார், மேல் மாடிக்கு வர்ற கம்பெனிக்காரன் அதைத்தான் கேப்பானாம், நீ மெட்ராஸ்ல இதெல்லாம் பார்த்தவன்தானே, ஒரு எட்டு வந்துட்டுப் போ" என்றார்.

போனேன். மேசையில் வரைபடம். மேற்குப் பக்கம் தரையிலிருந்து மொட்டைமாடி வரை முழுக்கக் கண்ணாடி. சித்திரை மாதம் மூன்று மணி வெயில் நம் ஊரில் எந்தப் பக்கம் அடிக்கும் என்பது அந்தப் படத்தை வரைந்தவருக்குத் தெரியாமல் இருக்காது. விலை உயர்ந்த இரட்டைக் கண்ணாடி, கூடுதல் டன் ஏசி, இரண்டையும் கம்ப்யூட்டரில் ஏற்றினால் மார்க் வந்துவிடும் என்பதும் அவருக்குத் தெரியும். என் வயிற்றெரிச்சல் அங்கேதான் ஆரம்பம்.

சென்னையில் எட்டு வருடம் இந்த மாதிரிக் கட்டடங்களில் எலெக்ட்ரிகல் வேலை பார்த்தவன் நான். சான்றிதழே ஏமாற்று என்று சொல்கிற ஆள் இல்லை. லீட், ஐஜிபிசி, கிரிஹா என்று இந்தப் பசுமைச் சான்றிதழ்கள் எல்லாம் வருவதற்கு முன்னால் ஒரு கமர்ஷியல் கட்டடத்தில் தண்ணீருக்குத் தனி மீட்டர் வைக்கச் சொன்னால் ஓனர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். சைட்டில் மண் தெருவுக்கு ஓடாமல் தடுப்பு கட்டுவது, உடைத்த செங்கல்லைத் தனியாகப் பிரித்து வைப்பது, நாற்றமடிக்காத பெயின்ட் தேடி வாங்குவது, இதெல்லாம் அந்த மார்க்குக்காகத்தான் பழக்கமானது. அதை மறுக்க முடியாது.

ஆனால் மின்சார மார்க் எப்படிப் போடுகிறார்கள் என்று அண்ணனுக்கு விளக்கினேன். கட்டப்போகும் கட்டடத்தை முதலில் கம்ப்யூட்டரில் கட்டுகிறார்கள். பக்கத்திலேயே அதே அளவில் இன்னொரு கற்பனைக் கட்டடம், ஒரு தரவிதி சொல்கிற குறைந்தபட்ச சுவர், குறைந்தபட்ச ஏசியோடு. இரண்டும் வருடம் முழுக்க ஓடினால் எவ்வளவு கரண்ட் செலவாகும் என்று கணக்குப் போட்டு, வித்தியாசம் எத்தனை சதவீதமோ அதற்குத் தகுந்த மார்க். லீட் கணக்கில் மொத்தம் 110 புள்ளி, 60 வந்தால் கோல்டு, 80 வந்தால் பிளாட்டினம். "முப்பது சதவீதம் மிச்சம்" என்று நோட்டீஸில் போடுகிறார்களே, அது யாரும் கட்டாத, யாரும் குடியேறாத ஒரு கட்டடத்தோடு ஒப்பிட்ட மிச்சம்.

அண்ணன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப நம்ம ஆடித் தள்ளுபடி மாதிரியா?" என்றார். சிரித்துவிட்டேன். முழுக்க அப்படி இல்லை, விதி புத்தகத்தில் தெளிவாக எழுதியிருக்கிறது, விலையை ஏற்றிவிட்டு இறக்குகிற வேலை இல்லை. ஆனாலும் சட்டையை எத்தனை ரூபாய்க்கு வாங்கினோம் என்பதை விட்டுவிட்டு எவ்வளவு தள்ளுபடி என்று மட்டும் பேசுகிற பழக்கம் இரண்டிலும் ஒன்றுதான்.

நான் வேலை பார்த்த ஒரு கோல்டு கட்டடத்தின் கதை. பெயர் வேண்டாம். ஆள் இல்லாத அறையில் விளக்கு தானாக அணைய சென்சார் வைத்தோம். மீட்டிங் நடுவில் விளக்கு அணைகிறது என்று யாரோ புகார் சொல்ல, ஆறு மாதத்தில் பாதி சென்சார் மேல் கறுப்பு டேப். கழிவுநீரைச் சுத்தம் செய்து செடிக்கும் டாய்லெட்டுக்கும் விடுவதற்கு ஒரு பிளான்ட் இருந்தது. மோட்டார் ஓடினால் கரண்ட் செலவு, ஆள் சம்பளம், அதனால் தரச்சோதனைக்கு யாராவது வரும் நாளில் மட்டும் ஓடும், மற்ற நாளில் டேங்கர் லாரி. சைக்கிள் ஸ்டாண்டில் ஜெனரேட்டர் டீசல் டிரம். வரவேற்பறையில் பித்தளைப் பட்டயம் மட்டும் தினமும் துடைத்து வைத்தபடி பளபளவென்று இருந்தது. இரண்டாம் வருட பில் எவ்வளவு என்று சான்றிதழ் கொடுத்த பக்கமிருந்து ஒருவரும் கேட்கவில்லை.

இது என் ஒருவன் அனுபவம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 2008-ல் அமெரிக்காவில் நியூ பில்டிங்ஸ் இன்ஸ்டிடியூட் என்ற ஆய்வு அமைப்பு 121 லீட் கட்டடங்களின் உண்மையான பில்லை எடுத்துப் பார்த்தது. சராசரியாகப் பார்த்தால் மற்ற கட்டடங்களைவிட நன்றாகவே இருந்தன, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் பாதிக்கும் மேற்பட்டவை முன்கூட்டிப் போட்ட கணக்கிலிருந்து 25 சதவீதத்துக்கும் மேல் விலகியிருந்தன, சில மேலே, சில கீழே. கணக்கு ஒரு பக்கம், கட்டடம் ஒரு பக்கம்.

பில்லைப் பார்த்து மதிப்பிடுகிற முறை நம் நாட்டிலேயே இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. ஃபிரிட்ஜுக்கும் ஏசிக்கும் ஸ்டார் ஒட்டுகிற அதே மத்திய அரசு அமைப்பு பிஇஇ, 2009-லேயே ஆபீஸ் கட்டடங்களுக்கும் ஸ்டார் கொடுக்க ஆரம்பித்தது. ஒரு வருடத்தில் சதுர மீட்டருக்கு எத்தனை யூனிட் என்பதுதான் கேள்வி, பதில் கரண்ட் பில்லில் இருக்கும். கற்பனைக் கட்டடத்துக்கு அங்கே வேலை இல்லை. இதைப் பற்றி எந்த ஆர்க்கிடெக்டும் அண்ணனிடம் வாயைத் திறக்கவில்லை. கட்டி முடிக்கும் முன்னால் நோட்டீஸில் போட முடியாதே, அதனால் இருக்கலாம்.

இதைப் படித்ததும் "நம்ம செட்டிநாட்டு வீடுதான் தம்பி உண்மையான பசுமைக் கட்டடம்" என்று கமென்ட் வரும். வரட்டும். வளவு நடுவில் வானம், தடித்த சுண்ணாம்புச் சுவர், அடுக்கடுக்காக ஓடு, கூரைத் தண்ணீரை அண்டாவில் பிடித்து, மிச்சத்தை ஊருணிக்கு விட்டது, எல்லாம் சரி. கானாடுகாத்தானில் மத்தியான வேளையில் ஒரு பட்டாலையில் உட்கார்ந்து பார்த்தவனுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் பர்மாத் தேக்கும் இத்தாலிச் சலவைக்கல்லும் கப்பல் ஏறித்தான் வந்தன. லீடின் 2009 விதியில் 800 கிலோமீட்டருக்குள் கிடைத்த பொருளுக்குத்தான் உள்ளூர் மார்க், ரங்கூன் அதற்குள் வராது. ஆத்தங்குடித் தரைக்கல் தேறும், சூளையே இல்லாமல் கண்ணாடி மேல் வார்த்து, தண்ணீரில் போட்டு, வெயிலில் காய வைக்கிற சரக்கு அது. அப்புறம் முக்கியமாக, அந்த வீட்டு ஆச்சிக்கு முந்நூறு பேர் உட்கார்ந்து கம்ப்யூட்டர் தட்டுகிற ஹாலைக் குளிர வைக்கிற கவலை இருந்ததில்லை. அந்த வீட்டை அப்படியே காப்பியடித்து ஆபீஸ் கட்ட முடியாது.

காப்பியடிக்காமலும் எடுத்துக்கொள்ள முடியும். ஹைதராபாதில் சிஐஐ என்ற தொழில் கூட்டமைப்பின் கட்டடத்தை 2004-ல் கலாம் திறந்து வைத்தார், அமெரிக்காவுக்கு வெளியே முதன்முதலில் லீட் பிளாட்டினம் வாங்கியது அது. போட்டோவை அண்ணனுக்குக் காட்டினேன். வட்டமான கட்டடம், நடுவே முற்றம், வெயிலை வடிகட்டத் துளை போட்ட ஜாலிச் சுவர். "இதுல மேற்கால முழுக் கண்ணாடி எங்கடா?" என்று அவராகவே கேட்டார்.

இன்னொன்றும் சொன்னேன். அவர் கட்டப்போகும் இடத்தில் ஒரு பழைய வீடு நின்றது. இடித்தாகிவிட்டது, தூண்களும் கதவும் முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்குப் போய்விட்டன. அதைப் பேசி இனிப் பயனில்லை. செங்கல் மட்டும் ஒரு மூலையில் குவிந்து கிடக்கிறது, மேற்குச் சுவருக்கு அதுவே போதும்.

சான்றிதழுக்குக் கணக்குப் போடுகிற கன்சல்டன்டிடம் ஒரே ஒரு நிபந்தனை போடச் சொல்லியிருக்கிறேன். அவருடைய கடைசித் தவணையை ஒரு வருட பில் வந்த பிறகு கொடுங்கள், அவர் போட்ட கணக்குக்குப் பக்கத்தில் வந்தால் முழுதாக, வராவிட்டால் பிடித்துக்கொண்டு. பட்டயம் மாட்டுகிற அதே சுவரில், அதே உயரத்தில், மாதாமாதம் பில்லும் ஒட்டப்பட வேண்டும். கன்சல்டன்ட் போனில், "சார், அப்படி வழக்கம் இல்லை" என்றாராம்.

அண்ணன் இன்னும் முடிவு சொல்லவில்லை. மேற்குக் கண்ணாடியைப் பாதியாகக் குறைக்க மட்டும் சம்மதித்திருக்கிறார். திங்கட்கிழமை மாற்றிய வரைபடம் வருகிறது.