ஜெஃபர்சன் கிராமத்து மருத்துவர் கிராஃபர்ட் லாங்

மயக்க மருந்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 1846 அக்டோபர் 16ஆம் நாளிலிருந்து தொடங்குகிறார்கள். அன்றுதான் பாஸ்டனில், மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், வில்லியம் மார்ட்டன் என்ற பல் மருத்துவர் நோயாளி ஒருவருக்கு ஈதர் என்ற, முகர்ந்தால் மயக்கம் தரும் திரவத்தைக் கொடுத்து, வலியில்லாத அறுவை சிகிச்சையைப் பலர் முன்னிலையில் நடத்திக் காட்ட உதவினார். ஆனால் அதற்கு நாலரை ஆண்டுகளுக்கு முன்பே, 1842 மார்ச் 30 அன்று, ஜார்ஜியா மாநிலத்தின் ஜெஃபர்சன் என்ற சிற்றூரில் இருபத்தாறு வயது மருத்துவர் ஒருவர் இதையே செய்து முடித்திருந்தார். அவர் பெயர் கிராஃபர்ட் லாங். அவருக்குரிய பெருமை அவரைச் சேர வேண்டும் என்று நினைப்பவன் நான். அந்தப் பெருமையைச் சொல்லும் இடத்திலேயே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும் என்றும் நினைக்கிறேன்.

லாங் படிப்பில் குறைந்தவர் அல்லர். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 1839இல் பட்டம் பெற்று, நியூயார்க்கில் அறுவை சிகிச்சைப் பயிற்சியும் முடித்துவிட்டு, சொந்த மாநிலத்தின் கிராமப்புறத்துக்கே திரும்பி வந்தார். அந்நாளில் ஈதரை முகர்ந்து கிறங்கிக் கூத்தடிப்பது இளைஞர்களிடையே பொழுதுபோக்காக இருந்தது. ஊர் இளைஞர்கள் கேட்டபோது லாங்கும் அதைக் கொடுத்தார், தாமும் முகர்ந்தார். கிறக்கத்தில் விழுந்து அடிபட்டவர்களுக்கு அப்போது வலியே தெரியவில்லை என்பதைக் கூடியிருந்தவர்களில் அவர் ஒருவரே மருத்துவக் கண்ணோடு கவனித்தார். கழுத்தின் பின்புறம் இருந்த கட்டியை எடுத்துக்கொள்ள வலிக்குப் பயந்து நாள் கடத்திக்கொண்டிருந்த ஜேம்ஸ் வெனபிளிடம், ஈதரை முகர்ந்துகொண்டு அறுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். துண்டில் நனைத்த ஈதரை முகரச் செய்து கட்டியை எடுத்தார். எடுத்த கட்டியைக் கண்ணில் காட்டிய பிறகுதான் வெனபிள் நம்பினார். லாங்கின் கணக்கேட்டில் இதற்குப் பதிவான கட்டணம் இரண்டு டாலர்.

நாலரை மாதம் கழித்து, அதே ஆண்டு ஆகஸ்டில், அவருக்குத் திருமணம் நடந்தது. மணப்பெண் கரோலின் ஸ்வெய்ன். 1845இன் இறுதியில் கரோலினின் பிரசவத்தின்போது லாங் அவருக்கு ஈதர் கொடுத்தார். ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் ஜேம்ஸ் சிம்ப்சன் என்ற மருத்துவர் பிரசவத்துக்கு ஈதரைப் பயன்படுத்திப் புகழ் பெற்றது அதற்கு ஓராண்டுக்கும் மேல் கழித்து, 1847 ஜனவரியில்தான். தாம் நம்பிய மருந்தைத் தம் மனைவிக்கே கொடுத்த இந்தச் செயல், வெனபிளின் கழுத்துக் கட்டியைவிட அவரைப் பற்றி எனக்கு அதிகம் சொல்கிறது.

அப்படியானால் 1849 டிசம்பர் வரை ஏன் எதையும் வெளியிடவில்லை? அவரைக் குறை சொல்பவர்கள் எழுப்பும் இந்தக் கேள்வி நியாயமானது. அந்த ஏழரை ஆண்டுகளில் உலகெங்கும் எத்தனையோ பேர் கட்டிலோடு கட்டப்பட்டுக் கதறியபடியே அறுவை சிகிச்சைக்கு உள்ளானார்கள். அறிவிக்கப்படாத கண்டுபிடிப்பு அவர்களில் ஒருவருக்கும் உதவவில்லை. ஜார்ஜியாவின் அகஸ்டா நகரிலிருந்து வந்த மருத்துவ இதழில் கடைசியில் எழுதிய கட்டுரையில் லாங் தம் காரணங்களைச் சொல்கிறார். கிராமத்து மருத்துவரிடம் அறுவை சிகிச்சைக்கு வருபவர்கள் சிலரே. வலி தெரியாமல் போனது ஈதராலா, நோயாளியின் கற்பனையாலா, அல்லது வலியை இயல்பாகவே உணராத உடல்வாகாலா என்பதை உறுதிப்படுத்த அவருக்குப் போதிய ஆட்கள் கிடைக்கவில்லை. கண்ணோட்டத்தாலும் கையசைவாலும் மயங்க வைப்பதாகச் சொல்லும் மெஸ்மரிசம் செல்வாக்குடன் இருந்த காலம் அது. அதனால் இந்த ஐயம் வெறும் சாக்கு அல்ல என்றே கருதுகிறேன். ஆயினும் முதல் மூன்று நான்கு நோயாளிகளைப் பற்றி ஒரு சிறு குறிப்பையாவது அவர் அனுப்பியிருக்கலாம். அந்தத் தயக்கத்துக்கான விலையைக் கொடுத்தவர்கள் நோயாளிகள்.

ஐயத்தைத் தீர்த்துக்கொள்ள அவர் மேற்கொண்ட வழியைத்தான் நான் இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஒரே ஆளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட அறுவை சிகிச்சை தேவைப்படும்போது, ஒன்றுக்கு ஈதர் கொடுத்தும் மற்றொன்றுக்குக் கொடுக்காமலும் ஒப்பிட்டுப் பார்த்தார். ஒரே நாளில் மூன்று கட்டிகளை எடுக்க வேண்டியிருந்த ஒருவருக்கு இரண்டாவது கட்டிக்கு மட்டும் ஈதர் கொடுத்தார். 1845 ஜனவரி 8 அன்று ஒரு கறுப்பினச் சிறுவனின் இரண்டு விரல்களை வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. ஒரு விரலை ஈதர் கொடுத்து வெட்டினார், மற்றதை ஈதர் இல்லாமல் வெட்டினார். ஒன்றில் சிறுவன் வலியில் துடித்தான் என்றும், மற்றதில் உணர்வே இல்லாமல் இருந்தான் என்றும் அவரே தம் கட்டுரையில் சான்றாக எழுதியிருக்கிறார்.

அறிவியல் முறை என்ற அளவில் இது பிழையற்ற ஒப்பீடு. அதே உடல், அதே கத்தி, அதே கை. ஆனால் மூன்றாண்டுகளாக ஈதரைக் கொடுத்துப் பலன் கண்டு, அடுத்த மேசையிலேயே அதை வைத்திருந்த ஒருவர், ஒரு சிறுவனின் விரலை அது இல்லாமல் வெட்டினார் என்பதே நடந்தது. வேண்டாம் என்று மறுக்க அந்தச் சிறுவனுக்கு ஜார்ஜியாவில் எந்த உரிமையும் இல்லை. கறுப்பின மக்கள் சொத்தாக விற்கப்பட்ட மாநிலம் அது. லாங்கின் வீட்டிலும் அடிமைகள் இருந்தார்கள். அக்காலத்து வழக்கம் அதுதான் என்று இதைக் கடந்து போவதை நான் ஏற்கவில்லை. வலி எத்தகையது என்பதை அந்தக் காலத்தில் அவரைவிட நன்றாக அறிந்தவர் எவரும் இல்லை.

பிற்காலத்தில் புகழ்ச் சண்டையில் லாங் நடந்துகொண்ட விதம் கண்ணியமானது. மார்ட்டன், அவருக்கு ஈதர் யோசனையைச் சொன்னது தாமே என்ற பாஸ்டன் வேதியியலாளர் சார்லஸ் ஜாக்சன், வேறொரு மயக்க வாயுவை முன்பே பயன்படுத்திய பல் மருத்துவர் ஹொரேஸ் வெல்சின் தரப்பு என்று ஆளுக்கொரு பக்கம் அமெரிக்கக் காங்கிரசில் பரிசுப் பணத்துக்கு மோதிக்கொண்டார்கள். ஒரு லட்சம் டாலர் என்று பேசப்பட்ட அந்தப் பரிசு கடைசிவரை யாருக்கும் கிடைக்கவில்லை. லாங் தம் கணக்கேட்டையும் வெனபிள் முதலானோரின் உறுதிமொழிகளையும் திரட்டி வைத்தார். அவற்றை, லாங் பிற்காலத்தில் வாழ்ந்த ஜார்ஜியாவின் ஏதென்ஸ் நகருக்கே வந்து பார்த்த ஜாக்சன், 1861இல் லாங்கின் முதன்மையை மருத்துவ இதழ் ஒன்றில் எழுத்தாலேயே ஒப்புக்கொண்டார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படை நெருங்கியபோது இந்தத் தாள்களை லாங் ஒரு கண்ணாடிக் குடுவையில் அடைத்து மகள்களிடம் ஒப்படைத்தார் என்பது குடும்பத்தார் சொல்லி வந்த செய்தி. 1878 ஜூன் 16 அன்று, ஒரு பிரசவம் பார்க்கப் போன வீட்டில் அவர் சாய்ந்து உயிர் துறந்தார். தாயையும் பிள்ளையையும் முதலில் கவனியுங்கள் என்று சொன்னதாகவும் பதிவு உண்டு.

அவர் பெயரை நிலைநிறுத்தப் பாடுபட்டவர்களில் முக்கியமானவர் மகள் ஃபிரான்சிஸ் லாங் டெய்லர். 1928இல் தந்தையின் கண்டுபிடிப்பைப் பற்றி அவர் எழுதிய நூல் வெளிவந்தது. அதற்கு இரண்டாண்டுகள் முன்னதாகவே வாஷிங்டன் கேப்பிட்டல் கட்டடத்தில் ஜார்ஜியாவின் சார்பில் லாங்குக்குச் சிலை வைத்துவிட்டார்கள். மாநிலத்துக்கு இரண்டு சிலைதான் அனுமதி. ஜார்ஜியாவின் மற்றொரு சிலை, கல்லூரியில் லாங்கோடு ஒரே அறையில் தங்கிப் படித்த அலெக்சாண்டர் ஸ்டீபன்சுடையது. உள்நாட்டுப் போரில் அமெரிக்காவிலிருந்து பிரிந்து நின்ற தெற்கு மாநிலங்களின் கூட்டமைப்புக்குத் துணை அதிபராக இருந்து, அந்த அரசின் அடிக்கல்லே அடிமை முறைதான் என்று 1861இல் மேடையில் முழங்கியவர் அவர். இந்த இரு சிலைகளையும் ஒரே மாநிலம் தேர்ந்தெடுத்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

அமெரிக்காவில் மருத்துவர் நாளை லாங்கின் நினைவாகத்தான் மார்ச் 30 அன்று கொண்டாடுகிறார்கள். கொண்டாடட்டும், அந்த நாளுக்கு அவர் முழுத் தகுதி உடையவர். ஆனால் பள்ளிப் பாடத்திலோ மருத்துவ மாணவர்களுக்கான வகுப்பிலோ அவரைப் பற்றிச் சொல்லும்போது, வெனபிளின் கட்டிக்கு அடுத்த பத்தியிலேயே 1845 ஜனவரி 8ஆம் நாளையும், அந்தச் சிறுவனின் இரண்டாவது விரலையும் எழுத வேண்டும் என்பதே என் கோரிக்கை.