பாட்டியின் இனம் என்ன?

என் அப்பாவைப் பெற்ற பாட்டி 1938ஆம் ஆண்டு, சீன நாட்காட்டியின் புலி ஆண்டில், இன்றைய மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஒரு சீனக் குடும்பத்தில் பிறந்தவர். புலி ஆண்டுப் பெண் குடும்பத்துக்கு ஆகாது என்ற நம்பிக்கையும் வறுமையும் சேர்ந்துகொள்ள, நாற்பது நாள் குழந்தையாக, பக்கத்து ரப்பர் தோட்டத்தில் மரத்தில் பால் வெட்டி எடுத்துக்கொண்டிருந்த தமிழ்த் தம்பதியரிடம் கொடுக்கப்பட்டார். அந்நாளைய மலாயாவில் இப்படித் தமிழர் வீடுகளில் வளர்ந்த சீனப் பெண் குழந்தைகள் பலர்.

கல்யாணமாகிச் சிங்கப்பூருக்கு வந்த பிறகும் பாட்டிக்குத் தெரிந்தவை தமிழும், சந்தையில் புழங்கும் எளிய மலாயான பசார் மலாயும்தான். நெற்றியில் காலணா அகலக் குங்குமத்தோடு மீன் வாங்கப் போவார். மீன்காரர் முகத்தைப் பார்த்து ஹொக்கியன் என்னும் சீன வட்டார மொழியில் விலை சொல்வார், பாட்டி மலாயில் பேரம் பேசுவார். என் அம்மா ஹொக்கியன் சீனர். அம்மாவின் தாயாரை நாங்கள் ‘ஆமா’ என்று அழைப்போம். சீனப் புத்தாண்டுக்கு ஆமா வந்தால் இரு கிழவிகளும் சமையலறையில் எதிரெதிரே அமர்ந்து, ‘சுடா மாக்கான்?’ (சாப்பிட்டாச்சா?) என்று தொடங்கி மாலைவரை மலாயிலேயே பேசுவார்கள். பிறப்பால் இருவருமே சீனர்கள்.

தகப்பனின் இனமே பிள்ளையின் இனம் என்ற அக்கால வழக்கப்படி என் அடையாள அட்டையில் ‘இந்தியர்’ என்று இருக்கிறது. பள்ளியில் தாய்மொழிப் பாடமாகத் தமிழ் படித்தேன். அந்தத் தமிழை எங்கள் வீட்டில் புழங்கவைத்தவர் சீனராகப் பிறந்த பாட்டி என்பதை எந்தப் படிவமும் என்னிடம் கேட்டதில்லை.

2011 ஜனவரி 1 முதல் கலப்பு மணத்தில் பிறந்த பிள்ளைக்கு இரண்டு இனங்களையும் இணைத்துப் பதியலாம் என்றானது. மனதார வரவேற்கிறேன். ஆனால் அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில், ஒரு பேட்டையில் எந்த இனத்தார் எத்தனை வீடுகளில் இருக்கலாம் என்று வரம்பிட்டு 1989 முதல் நடப்பிலுள்ள இன ஒதுக்கீட்டில் முதலில் எழுதப்படும் இனம்தான் கணக்கு. என் மனைவி சீனர். 2013இல் மகள் பிறந்தபோது, “சீனர் என்று முதலில் போடு, பிற்காலத்தில் வீட்டை விற்க வசதியாக இருக்கும்” என்று உறவினர்கள் அன்போடுதான் சொன்னார்கள்; எனக்கு அது வலித்தது. 1964இல் இனக் கலவரத்தைக் கண்ட ஊரில், ஒரே இனத்தார் ஒரே பேட்டையில் குவிந்துவிடக் கூடாது என்ற நோக்கத்தை மதிக்கிறேன். அதற்காக ஒரு குழந்தையின் தாயையும் தகப்பனையும் முன்பின்னாக நிறுத்த வேண்டியதில்லை. இரண்டில் எந்த இனத்தின் ஒதுக்கீட்டில் இடமிருக்கிறதோ அதில் சேர்த்துக்கொள்ளலாம் என்பதே என் கருத்து.

மகளுக்கு ‘இந்தியர்-சீனர்’ என்று பதிந்தோம். அப்படி எழுதச் சொன்னவர் என் மனைவி. “இவளைத் தூங்கவைக்கப் போவது உங்கள் பாட்டிதானே” என்றார். அன்று மாலை பாட்டி, குழந்தையின் ஈரத்தலைக்குச் சாம்பிராணிப் புகை காட்டியபடியே தாலாட்டைத் தொடங்கியிருந்தார்.