அந்தப் படத்தில் இருக்கும் 'கைவிடப்பட்ட தாய்' எழுதுவது

மூன்று நாட்களாக என் கைத்தொலைபேசி அடங்கவில்லை. எந்தப் படம் என்று நான் சொல்லத் தேவையில்லை, உங்களில் பாதிப்பேர் அதைப் பகிர்ந்தே இருக்கிறீர்கள். யாழ்ப்பாணத்துத் தீவுகளுக்குப் படகு ஏறும் குறிகட்டுவான் இறங்குதுறையில் ஒரு கிழவி வெறுங்காலோடு கடலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாள். மடியில் பை, பக்கத்தில் குடை. மேலே எழுதியிருக்கிறது: 'பிள்ளைகள் வெளிநாட்டில், பெற்றவள் படகுத்துறையில்.' கீழே வரிசையாக அழும் முகங்கள்.

அந்தக் கிழவி நான்தான். வணக்கம்.

முதலில் அந்தச் சோக முகத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதற்குத்தான் அதிகம் பேர் உருகியிருக்கிறீர்கள். துறையில் ஒரு பையனிடம் கச்சான், அதாவது நிலக்கடலை, வாங்கினேன். நல்ல கச்சான், பையனில் குறையில்லை. ஆனால் பத்துக்கு ஒன்று சொத்தையாக இருக்கும் அல்லவா, அந்த ஒன்றைக் கடித்த கணத்தில்தான் உங்கள் புகைப்படக் கலைஞர் படம் எடுத்திருக்கிறார். நீங்கள் எல்லோரும் மூன்று நாட்களாகக் கண்ணீர் விட்டது ஒரு சொத்தைக் கச்சானுக்கு. அடுத்தது செருப்பு. 'பெற்ற தாய்க்கு ஒரு சோடிச் செருப்பு வாங்கிக் கொடுக்க வக்கில்லையா' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். படகிலிருந்து இறங்கும்போது அலை அடித்து நனைந்துவிட்டது, கழற்றி வெயிலில் வைத்திருந்தேன். படத்தின் விளிம்புக்கு ஒரு சாண் அப்பால் இரண்டும் காய்ந்துகொண்டிருந்தன. ஒரு சாண் தள்ளிப் பிடித்திருந்தால் என் பிள்ளைகளின் மானம் தப்பியிருக்கும்.

நான் போனேன். என்னை யாரும் கொண்டுபோய் விடவில்லை. இந்த இரண்டு வசனங்களுக்கும் உள்ள வித்தியாசம் புரிந்துவிட்டால் மீதியை வாசிக்காமலே நீங்கள் போகலாம்.

சனிக்கிழமை காலையில் எழுந்தேன், முற்றம் கூட்டினேன், பூனைக்குச் சோறு வைத்தேன். நயினாதீவுக்குப் போவோமா என்று தோன்றியது. 'போவோமா' என்று கேட்க வீட்டில் வேறு யாரும் இல்லை, அதனால் எனக்கு நானே 'ஓம்' சொல்லிக்கொண்டேன். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் ஏறி யன்னலோரம் இடம் பிடித்தேன். பண்ணைப் பாலம், அல்லைப்பிட்டி, வேலணை. பிறகு புங்குடுதீவுக்குப் போகும் அந்த நீண்ட பாதை. இரண்டு பக்கமும் தண்ணீர், அதற்குள் வரிசையாக மீன் பிடிக்கும் களங்கட்டித் தடிகள், ஒவ்வொரு தடியின் நுனியிலும் ஒரு பறவை, ஏதோ கணக்கெடுப்புக்கு வந்தவை போல. அந்த இடத்தில் பஸ்ஸுக்குள் பேச்சு தானாகக் குறைந்துவிடும், கவனித்திருக்கிறீர்களா? நான் கவனித்திருக்கிறேன். வாகனத்தில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போகிறவர்களுக்கு அது தெரியாது.

நாகபூஷணி அம்மனைக் கும்பிட்டேன். அமுதசுரபி அன்னதான மண்டபத்தில் பந்தியில் இருந்து சாப்பிட்டேன். இரண்டாம் முறையும் சாம்பார் கேட்டு வாங்கினேன். கைவிடப்பட்டவர்கள் இரண்டாம் முறை கேட்பார்களா என்று தெரியவில்லை.

முப்பத்தொரு வருடம் தமிழ் படிப்பித்தவள் என்பதால் இதையும் சொல்லாமல் இருக்க முடியாது. நயினாதீவைத்தான் மணிபல்லவம் என்று எங்களூரில் சொல்வார்கள். அந்த மணிபல்லவத்தின் மணலில் மணிமேகலை தன்னந்தனியாகத்தான் கண் விழித்தாள். நல்ல வேளை, அப்போது அவளை யாரும் படம் எடுத்துப் போடவில்லை. 'அவள் அழுதாளே ரீச்சர்' என்று என் பழைய மாணவர் யாராவது கேட்கக்கூடும். ஆம், அழுதாள். பிறகு அமுதசுரபியோடு திரும்பினாள். அழுததை மட்டும் நினைவில் வைத்திருக்கிறீர்களே, இதைத்தானா நான் உங்களுக்குப் படிப்பித்தேன்?

'நல்ல எண்ணத்தில்தானே போட்டார்' என்று சிலர் எழுதுகிறீர்கள். இருக்கட்டும். நல்ல எண்ணம் உள்ளவர் பத்தடி நடந்து வந்து 'அம்மா, எங்கே போகிறீர்கள்?' என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் கச்சானில் பாதி கொடுத்திருப்பேன், சொத்தையையும் சேர்த்து.

'தனியாகப் போய் எங்காவது விழுந்தால்?' நியாயமான கேள்வி, மறுக்கவில்லை. எழுபத்தொரு வயது, வலது முழங்கால் சொல்வழி கேட்காது. ஆனால் போன வருடம் நான் விழுந்தது என் வீட்டுக் குளியலறையில். நான்கு மணி நேரம் யாருக்கும் தெரியாது. படகில் ஏறும்போது ஒரு கையை நீட்டினால் நான்கு கைகள் பிடிக்கின்றன. எது ஆபத்தான இடம் என்று நீங்களே சொல்லுங்கள். 'அப்படியானால் உண்மையிலேயே கைவிடப்பட்ட முதியவர்களே இல்லையா?' என்றும் கேட்பீர்கள். இருக்கிறார்கள். அவர்களுக்காக ஏதாவது செய்யுங்கள், என்னை விடுங்கள்.

இன்னொன்று. வெளியே போவது என்றால் என்ன என்பது எங்கள் தலைமுறைக்குக் கொஞ்சம் வேறு. 1990 இல் யாழ்ப்பாணக் கோட்டைச் சண்டைக்குப் பிறகு பண்ணைப் பாதையால் தீவுப் பக்கம் போக வழியில்லாமல் போனது. கண்ணுக்கு முன்னால் தெரியும் மண்டைதீவு, ஆனால் கொழும்பை விடத் தூரம். அதே வருடம் யாழ்தேவி ரயிலும் நின்றது, மறுபடி யாழ்ப்பாண நிலையத்துக்கு வர 2014 ஆகிவிட்டது. யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த 1995 ஒக்டோபர் 30 இரவு நானும் வெளியே போனேன். மழையில் என் அம்மாவைச் சைக்கிள் கரியரில் இருத்தி, நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு உருட்டிக்கொண்டு போனேன். அம்மாவுக்கு அப்போது இன்று எனக்கு இருக்கும் வயது. ஒரு அடி வைக்க அரை மணி நேரம் நின்றோம். 'எங்கே பிள்ளை போகிறோம்?' என்று அவர் வழி முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்தார். என்னிடம் பதில் இல்லை. பின்னால் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதையைத் திறந்தார்கள், 2006 இல் மறுபடி மூடினார்கள். போ என்றபோது போனோம், நில் என்றபோது நின்றோம். இப்போது ஒரு சனிக்கிழமை காலையில், யாரும் துரத்தாமல், யாரிடமும் பயண அனுமதிப் பாஸ் கேட்காமல், பஸ்ஸில் ஏறிப் போய் மாலையில் திரும்பி வருகிறேன். அதைப் பார்த்துத்தான் நீங்கள் 'பாவம்' என்கிறீர்கள்.

என் கணவர் இருந்தவரை இந்தப் பயணம் நடக்கவில்லை என்பதும் உண்மை. கடலைக் கண்டாலே வயிற்றைப் பிடித்துக்கொள்ளும் மனிதர். 1980 இல், கல்யாணமான அடுத்த வருடம், ஒரு தடவை நயினாதீவுக்குப் போனோம். போகும்போதும் வாந்தி, வரும்போதும் வாந்தி. அவருடைய தலையை மடியில் வைத்து என் சீலைத் தலைப்பால் விசிறிக்கொண்டு வந்தேன். அன்றைக்கும் இதே துறையில்தான் இறங்கி இருந்தோம். முகத்தைக் கழுவிவிட்டு, 'இனி அம்மன் விரும்பினால் நல்லூருக்கு வந்து என்னைப் பார்க்கட்டும்' என்றார். சொன்னபடியே அதன்பிறகு கடல் ஏறவில்லை. படத்தில் நான் எதையோ பறிகொடுத்தவள் போலப் பார்க்கிறேன் என்று ஒருவர் எழுதியிருந்தார். அது மட்டும் முழுப் பிழை என்று சொல்லமாட்டேன்.

அதற்காக என் பிள்ளைகளை இழுக்க வேண்டாம்.

அவர்கள் வருகிறார்கள். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வருவார்கள். வந்தவுடன் குளிரூட்டிய வான் ஒன்று வாசலில் நிற்கும். அன்றன்றைக்கு எங்கே என்று பட்டியலும் இருக்கும். காலையில் கீரிமலை, மாவிட்டபுரம், பத்து மணிக்குச் செல்வச்சந்நிதி, மதியத்துக்கு யாரோ ஒரு சொந்தக்காரர் வீடு, பின்னேரம் கசூரினா. எல்லா இடத்துக்கும் என்னையும் கூட்டிக்கொண்டு போவார்கள், குறை சொல்லவில்லை. ஆனால் இறங்கும்போது, 'அம்மா, வெயில் கொளுத்துகிறது, நீங்கள் வானுக்குள் இருங்கள், நாங்கள் ஐந்து நிமிடத்தில் வந்துவிடுகிறோம்' என்பார்கள். கசூரினாக் கடற்கரையை நான் கடைசியாக நான்கு தடவை பார்த்தது வான் கண்ணாடிக்கு உள்ளே இருந்து. ஐந்து நிமிடம் முக்கால் மணி நேரமாகும். சாரதித் தம்பி என் மேல் இரக்கப்பட்டு வானொலியைப் போட்டுவிடுவார். அப்போது யாரும் என்னைப் படம் எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும், குடும்பத்தோடு சுற்றுலா வந்த அதிர்ஷ்டக்கார அம்மா என்றுதான் எழுதியிருப்பீர்கள்.

பேத்தி மட்டும் ஒரு தடவை கதவைத் திறந்து, 'அப்பம்மா, நீங்கள் நீந்துவீர்களா?' என்று கேட்டாள். ஒன்பது வயது. தமிழைக் கல்லுக் கல்லாகப் பொறுக்கி அடுக்குவது போலப் பேசுவாள். கீரிமலையில் பெண்கள் கேணியில் நீந்தப் பழகினேன் என்றேன். 'காட்டுங்கள்' என்றாள். சீலையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு கணுக்கால் வரைக்கும் இறங்கினோம். அதற்குள் மேலே இருந்து கூப்பிட்டுவிட்டார்கள். இரவு விருந்துக்கு நேரமாகிவிட்டதாம். அது 2019. அதன்பிறகு கொரோனா, பிறகு இங்கே பெற்றோல் இல்லை, பிறகு அங்கே வேலை மாற்றம், பிறகு பிள்ளைகளின் பரீட்சை. காரணங்கள் எல்லாம் உண்மையானவை. நான் ஒவ்வொன்றையும் நம்புகிறேன். அந்தப் பிள்ளைக்கு இப்போது என் உயரம் இருக்கும்.

இதை ஏன் எழுதினேன்? நான் சொல்ல வந்தது வேறு. நான் போனேன், என்னை யாரும் கொண்டுபோய் விடவில்லை. அதுதான்.

படம் ரொறன்ரோவில் மகனுடைய வேலையிடம் வரைக்கும் போயிருக்கிறது. கூட வேலை செய்யும் தமிழர் ஒருவர், 'இது உன் அம்மாவா?' என்று காட்டியிருக்கிறார். எத்தனை வெட்கப்பட்டிருப்பான். ஞாயிறு விடியற்காலை அழைத்தான். 'ஏன் அம்மா தனியாகப் போனீர்கள்? சொல்லியிருந்தால் ஒரு வாகனம் ஒழுங்கு செய்திருப்பேனே. ஆட்கள் என்ன நினைப்பார்கள்?' என்றான். அரை மணி நேரம் கதைத்தோம். படம் எடுத்தவரைத் திட்டினான், என்னைத் திட்டினான், பிறகு மன்னிப்பும் கேட்டான். கடல் எப்படி இருந்தது என்று கேட்கவில்லை. நானாகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஆகவே படம் போட்டவருக்கு ஒரே ஒரு வேண்டுகோள். எடுத்துவிடுங்கள் என்று கேட்கமாட்டேன், அது போக வேண்டிய இடத்துக்கெல்லாம் போய்விட்டது. மேலே இருக்கும் எழுத்தை மட்டும் மாற்றுங்கள். 'ஓய்வுபெற்ற ஆசிரியை, கச்சான் சாப்பிடுகிறார்' என்று போட்டால் போதும்.

வருகிற சனிக்கிழமை நெடுந்தீவுக்குப் போகிறேன். ஒரு மணி நேரக் கடல், என் கணவர் இருந்திருந்தால் வீட்டு வாசலிலேயே மயங்கியிருப்பார். குதிரைகளையும் பாபாப் என்னும் பெருக்குமரத்தையும் பார்க்க வேண்டும். பவளப் பாறையான முருகைக்கல் வேலிகளை ஒரு தடவை தொட்டுப் பார்க்க வேண்டும். விடியற்காலை பஸ். அதே துறையில், அதே குடையோடு இருப்பேன். புதுச் செருப்பு ஒரு சோடி வாங்கியிருக்கிறேன், நேற்று, என் ஓய்வூதியத்தில். கொஞ்சம் கடிக்கிறது.